புது ரவுட்டர் மாட்டியதும் போனில் "இணைந்துள்ளது, இணையம் இல்லை" என்று வருகிறது. ஃபைபர் மோடத்தோடு எப்படி இணைப்பது?

மேல்மாடி:

வணக்கம். கீழ்த்தளமும் மாடியும் உள்ள கான்கிரீட் வீடு. வாசல் ஹாலில் கம்பெனிக்காரர்கள் வைத்துக் கொடுத்த ஃபைபர் மோடம் இருக்கிறது. அதில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். 150 எம்பிபிஎஸ் திட்டம். மாடியில் ஒரு கோடுதான் சிக்னல், வீடியோ கால் பேச முடியவில்லை. அதனால் இரண்டு பேண்ட் (2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்) உள்ள ஒரு ரவுட்டர் வாங்கி, மோடத்தின் லேன் 1 போர்ட்டிலிருந்து (வீட்டுச் சாதனங்களைச் செருகும் துளை) மாடிக்கு ஏற்கெனவே போட்டிருந்த லேன் கேபிளில், சுமார் 18 மீட்டர், அதன் வேன் போர்ட்டில் (வெளி இணையம் உள்ளே வரும் துளை) செருகியிருக்கிறேன்.

இப்போது நிலைமை:

போனில் புது வைஃபை பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு ஏற்கிறது. ஆனால் "இணைந்துள்ளது, இணையம் இல்லை" என்று வருகிறது.

192.168.1.1 என்று அடித்தால் புது ரவுட்டரின் பக்கம் வருகிறது. கீழே மோடத்தின் வைஃபையில் இருந்து அதே எண்ணை அடித்தால் மோடத்தின் பக்கம் வருகிறது. இரண்டுக்கும் ஒரே முகவரி.

ரவுட்டரைக் கழற்றிவிட்டு மாடியில் அந்தக் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினால் இணையம் வருகிறது, ஆனால் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. மோடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கேபிளில் செருகினால் 150 முழுதாக வருகிறது.

கீழே பெற்றோருக்கு மோடத்தின் வைஃபை தொடர்ந்து இருக்க வேண்டும். மாடியில் ரவுட்டர் வேலை செய்ய வேண்டும். எந்த வரிசையில் என்ன மாற்ற வேண்டும்?

---

இழைவடம்:

நீங்கள் தந்த விவரத்திலேயே காரணம் இருக்கிறது: இரண்டுக்கும் 192.168.1.1.

இப்போது மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது, புதிதாக வாங்கியதும் அப்படியே. மோடம் தன் லேன் பக்கம் 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கிறது. புது ரவுட்டரின் வேன் போர்ட் அந்த வரிசையில் ஒரு முகவரியை வாங்கிக்கொள்கிறது. அதே ரவுட்டர் தன் வைஃபை பக்கமும் அதே வரிசையை வைத்திருக்கிறது. போனிலிருந்து வரும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) வெளியே அனுப்ப வேண்டிய வாசலும், வீட்டுக்குள் இருக்கும் வாசலும் ஒரே எண் வரிசை. எந்தப் பக்கம் தள்ளுவது என்று ரவுட்டரால் தீர்மானிக்க முடியாது. சில ரவுட்டர்கள் இந்த மோதலைத் தாமே கண்டுபிடித்து 192.168.0.1-க்கு மாறிவிடும். உங்களுடையது மாறவில்லை.

லேன் முகவரியை 192.168.5.1 என்று மாற்றினாலே இணையம் வந்துவிடும். ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் மாடி ஒரு தனி நெட்வொர்க், கீழ்த்தளம் ஒரு தனி நெட்வொர்க் ஆகிவிடும். மாடியில் இருக்கும் போனிலிருந்து ஹால் டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரிண்டர் கண்ணில் படாது. உங்கள் வீட்டுக்குச் சரியானது ஆக்சஸ் பாயின்ட் மோட். முகவரி கொடுக்கும் வேலை முழுவதும் மோடத்திடமே இருக்கும், புது ரவுட்டர் வைஃபை பரப்புவதை மட்டும் பார்க்கும்.

போனை வைத்தே செய்யலாம்:

முதலில் மாடிக் கேபிளை ரவுட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் ஒரு ஊசியை விட்டு 10 வினாடி அழுத்தி, லைட்டுகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்ததும் விடுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

அடுத்து போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இணையம் இல்லாத வைஃபையில் சேர்ந்தால் ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்கள் 192.168.1.1 என்று அடித்தால் அது சிம் வழியாக எங்கோ தேடிப் பார்த்துவிட்டு, பக்கம் திறக்கவில்லை என்று சொல்லும். "இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா" என்று கேட்டால் ஆம் என்று அழுத்துங்கள்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, உள்நுழையும் முகவரி மூன்றும் இருக்கும். அதில் இருப்பதையே அடியுங்கள். டிபி-லிங்க், டி-லிங்க் ரவுட்டர்களில் பெரும்பாலும் 192.168.0.1, ஷாவ்மியில் 192.168.31.1. பிரவுசர் தானாக ஹெச்டிடிபிஎஸ் சேர்த்து எச்சரிக்கை காட்டினால் முன்னால் ஹெச்டிடிபி என்று கையால் அடித்துத் திறங்கள்.

உள்ளே போனதும் நிர்வாகப் பாஸ்வேர்டைக் கேட்கும். வைஃபை பாஸ்வேர்டும் இதுவும் வேறு வேறாக இருக்கட்டும். பிறகு சிஸ்டம் அல்லது அட்வான்ஸ்டு பகுதிக்குள் ஆபரேஷன் மோட் என்று ஒன்று இருக்கும். அதில் ஆக்சஸ் பாயின்டைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ரவுட்டர் ரீபூட் ஆகும். அதன்பின் மாடிக் கேபிளைத் திரும்ப வேன் போர்ட்டிலேயே செருகலாம்.

இப்போது போனில் அந்த வைஃபையின் மேல் தட்டி விவரத்தைப் பாருங்கள். ஐபி முகவரி 192.168.1 வரிசையில் ஏதோ ஒன்று, கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) 192.168.1.1 என்று இருந்தால் முகவரியை மோடமே கொடுக்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்தது. 169.254 என்று தொடங்கினால் கேபிள் வழியாக மோடத்தை எட்டவே இல்லை. "ஐபி முகவரியைப் பெறுகிறது" என்றே நின்றாலும் அதே கதைதான். அப்போது போனைத் தோண்டிப் பயனில்லை, கேபிளைப் பாருங்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். ஆக்சஸ் பாயின்ட் மோடுக்குப் போனபின் ரவுட்டரின் முகவரி மாறிவிடும், பழைய எண்ணில் பக்கம் திறக்காது. மோடத்தின் பக்கத்தில் இணைந்த சாதனங்கள் பட்டியலில் அதன் புது முகவரி இருக்கும்.

உங்கள் மாடலில் ஆபரேஷன் மோட் என்பதே இல்லை என்றால் கையால் செய்யலாம். வரிசை முக்கியம். முதலில் மோடத்தின் டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) பகுதியில் முகவரி வழங்கும் எல்லையை 192.168.1.10 முதல் 192.168.1.200 வரை என்று சுருக்குங்கள். பிறகு புது ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.250 என்று மாற்றுங்கள். மாற்றிய பின், புது எண்ணில் மறுபடி உள்நுழைந்து டிஹெச்சிபி சர்வரை அணையுங்கள். கடைசியாகக் கேபிளை வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் போனுக்கு முகவரி கிடைக்காமல் நீங்களே வெளியே நின்றுவிடுவீர்கள், திரும்ப ரீசெட்தான்.

---

கிரிம்பர்:

இழைவடம் அண்ணா சொன்னது சரி. 94 எம்பிபிஎஸ் விஷயத்தை யாரும் தொடவில்லை, அதை நான் சொல்கிறேன்.

94 என்பது தற்செயலாக வரும் எண் இல்லை. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் இணைப்பில் ஹெட்டர் செலவெல்லாம் போகக் கையில் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். மோடத்துக்குப் பக்கத்தில் 150 வருகிறது என்பதால் மோடத்தின் போர்ட்டும் உங்கள் லேப்டாப்பும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று தெரிந்துவிட்டது. மீதி இருப்பது அந்த 18 மீட்டர் கேபிள் மட்டும்.

100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின் (ஜாக்கில் உள்ள செம்பு முனை) போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லை என்றால்கூட இரண்டு முனையும் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சிலர் கேமராவுக்குப் போட்ட கேபிளில் நாலு கம்பியை மட்டும் ஜாக்கில் வைத்து அழுத்தி, அதாவது கிரிம்ப் செய்துவிட்டுப் போயிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

இரண்டு முனையிலும் ஜாக்கை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஜாக்கின் கிளிப் கீழ்ப்பக்கம் பார்க்க, செம்பு முனைகள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டிப் பிரிந்து நிற்கும், அதைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு முனையும் இதே வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம். வெளித்தோல் ஜாக்குக்குள் போய் அந்த பிளாஸ்டிக் கட்டையில் கடிபட வேண்டும், இல்லாவிட்டால் நாலு தடவை இழுத்தால் கம்பி கழன்றுவிடும்.

ஒரு ஜோடிப் பரிசோதகர், அதான் எட்டு லைட் வரிசையாக எரியும் சின்ன டெஸ்டர், கடையில் மலிவாகவே கிடைக்கும். எட்டும் வரிசையாக எரிந்தால் போதும்.

கேபிளே சரியில்லை, மாற்ற வேண்டும் என்றால் கேட்6 (Cat6) வகை, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்தான் விலை குறைவாகக் கிடைக்கிறது. ஓரத்தைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைத்தால் ஒடியும், கிரிம்ப் செய்த இடத்தில் நாளடைவில் தளர்ந்துவிடும். வீட்டுக்கு வெளியே சுவரோரமாக இழுத்திருந்தால் வெயிலில் தோல் வெடிக்கும், அதற்கென்று கறுப்புத்தோல் கேபிள் தனியாக இருக்கிறது. மின்சார வயர் போகும் அதே குழாயில் மட்டும் விடாதீர்கள்.

வாங்கிய ரவுட்டரின் வேன் போர்ட் ஜிகாபிட்தானா என்பதையும் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை 1200 என்று பெரிதாக அச்சடித்துவிட்டு போர்ட்டெல்லாம் 10/100 என்று இருக்கும் மாடல்கள் நிறைய. அப்படி இருந்தால் எத்தனை தடவை கிரிம்ப் செய்தாலும் 94 தான்.

---

கதவிலக்கம்:

ஆக்சஸ் பாயின்ட் மோடை விட பிரிட்ஜ் மோட் நல்லது என்பது என் கருத்து. அதாவது மோடம் ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு, ஃபைபரில் வருவதை நம் ரவுட்டருக்குக் கடத்த மட்டும் செய்யும். கம்பெனி கொடுக்கும் மோடத்தின் ரவுட்டர் பகுதி பலவீனமானது. ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்க முடியாது, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) மாற்றும் இடத்தைக்கூட சிலவற்றில் பூட்டி வைத்திருக்கிறார்கள். மோடத்தை பிரிட்ஜில் போட்டு, பிபிபிஓஇ டயலை (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்துக் கம்பெனியோடு இணைவதை) நம் ரவுட்டரே செய்தால் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும்.

செய்ய விரும்புகிறவர்களுக்காக: மோடத்தின் வேன் பக்கத்தில் உள்ளதை மாற்றும் முன் எல்லாத் திரைகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விலான் எண் (கம்பெனி இந்த இணைப்புக்கு வைத்திருக்கும் அடையாள எண்) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி, ஊருக்கு ஊர் மாறும். பிபிபிஓஇ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும், திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும். பிறகு அந்த இணைப்பை ரவுட் என்பதிலிருந்து பிரிட்ஜ் ஆக்கி, லேன் 1-உடன் சேர்த்துவிட்டு, ரவுட்டரில் பிபிபிஓஇ விவரங்களைப் போடுங்கள். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492. ஈதர்நெட்டின் 1500-இல் 8 பைட் பிபிபிஓஇக்குப் போய்விடும். அதை 1500 என்று விட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நிற்கும்.

வேன் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு இணைப்பு, வாய்ஸ் அல்லது வாய்ப் (VoIP) என்று இருந்தால் அதைத் தொடவே கூடாது. லேண்ட்லைன் போன் அதில்தான் ஓடுகிறது. அதை அழித்துவிட்டால் டயல்டோன் போய்விடும், திரும்பக் கம்பெனிக்காரர்தான் வந்து போட வேண்டும்.

மாற்றிய உடனே டயல் ஆகாவிட்டால் பதற வேண்டாம். பழைய செஷன் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும். மோடத்தை அணைத்துப் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்போதும் இல்லை என்றால் கம்பெனி பழைய பெட்டியின் மேக் முகவரியோடு (சாதனத்தின் அடையாள எண்) கணக்கைப் பூட்டியிருக்கலாம். ரவுட்டரில் மேக் குளோன், அதாவது அந்தப் பழைய எண்ணையே காட்டும் வசதி இருக்கும், அல்லது அவர்களை அழைத்து விடுவிக்கச் சொல்லலாம்.

---

இழைவடம்:

@கதவிலக்கம், ரவுட்டர் மோடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் நானும் பிரிட்ஜைத்தான் சொல்வேன். இங்கே ரவுட்டர் மாடியில் இருக்கிறது. மோடத்தை பிரிட்ஜ் செய்தால் கீழே மோடத்தின் வைஃபையில் இருப்பவர்களுக்கு இணையம் போய்விடும். பெற்றோருக்குக் கீழே வைஃபை தொடர வேண்டும் என்று அவர் தெளிவாகக் கேட்டிருக்கிறார். அதற்காக இன்னொரு பெட்டி வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பிரிட்ஜ் செய்தால் வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்கலாம் என்று நினைத்துப் பலர் இதில் இறங்குகிறார்கள். ரவுட்டரின் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் கம்பெனியே பல வீடுகளை ஒரு முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த நிலையில் பிரிட்ஜ் போட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வரும் வழி திறக்காது. நிலையான பொது முகவரியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

---

மேல்மாடி:

மிக்க நன்றி. ஆக்சஸ் பாயின்ட் மோட் போட்டாயிற்று, போனுக்கு 192.168.1.14 கிடைத்தது, இணையம் வருகிறது. கேபிளில் பழுப்பு ஜோடி ஒரு முனையில் கடிபடவே இல்லை. மாற்றிக் கிரிம்ப் செய்ததும் மாடியில் 150 வந்துவிட்டது.

மூன்று சந்தேகம் மிச்சம். 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் என் போனில் தெரிகிறது, அம்மா போனில் தெரியவே இல்லை. ஒரு பழைய டேப்லெட், பாஸ்வேர்டு சரியாக அடித்தாலும் தவறு என்கிறது. மாடியிலிருந்து கீழே இறங்கினாலும் என் போன் மாடி வைஃபையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

---

சிக்னல்கோடு:

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அம்மாவின் போனில் 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவே இல்லாமல் இருக்கலாம். குறைந்த விலை போன்கள் பலவற்றில் 2.4 மட்டும்தான். மாடல் பெயரைப் போட்டு அதன் வைஃபை விவரத்தைப் பாருங்கள். பி, ஜி, என் (b/g/n) என்று மட்டும் இருந்தால் அது 2.4 போன், அமைப்பில் எதை மாற்றியும் பயனில்லை. ஏசி அல்லது ஏஎக்ஸ் (ac/ax) என்று இருந்தும் தெரியவில்லை என்றால் சேனலை, அதாவது பேண்டுக்குள் ரவுட்டர் உட்காரும் அலைவரிசையின் எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். ஆனால் வேறு நாட்டு அமைப்போடு வந்த போன் சில சேனல்களைத் தேடாது. சேனலை ஆட்டோவில் விடாமல் 36 என்று கையால் வையுங்கள், அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். தெரிந்தால் அதிலேயே விட்டுவிடுங்கள்.

52 முதல் 144 வரையிலான சேனல்கள் ராடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரவுட்டர் அதில் உட்காரும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ராடார் போல ஏதாவது கேட்டால் உடனே சேனலை விட்டு விலக வேண்டும். "5 ஜிகாஹெர்ட்ஸ் திடீரென்று காணாமல் போய் வருகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பழைய டேப்லெட் விஷயம் பாஸ்வேர்டில் இல்லை, பாதுகாப்பு வகையில் இருக்கிறது. புது ரவுட்டர்கள் பலவும் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு வகையைப் போட்டு வரும். அது தெரியாத பழைய சாதனம் இணையாமல் தவிக்கும், திரையில் மட்டும் பாஸ்வேர்டு தவறு என்று காட்டும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த மோடுக்கு மாற்றுங்கள். அதிலும் முரண்டு பிடித்தால் 2.4-க்கு மட்டும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் (குறியாக்க முறை) என்று வையுங்கள். டிகேஐபி என்ற பழைய முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு விழுந்துவிடும். பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். 12-க்குக் குறையாமல் வையுங்கள். வைஃபை பெயரில் தமிழ் எழுத்தோ ஸ்மைலியோ வேண்டாம், சில பழைய சாதனங்கள் அதைக் குப்பையாகக் காட்டும்.

டபிள்யூபிஎஸ் வசதியை (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனோ ஒரு பின் எண்ணோ வைத்து இணைப்பது) அணைத்துவிடுங்கள். அந்தப் பின் (PIN) எண் 8 இலக்கம்தான், அதையும் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைக்கலாம் என்று 2011-லேயே வெளியே தெரிந்துவிட்டது.

மூன்றாவது, போன் தொங்குவது. எந்த வைஃபைக்கு எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது, ரவுட்டர் அல்ல. கீழே மோடத்திலும் மாடி ரவுட்டரிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள். அப்போதுதான் போன் இரண்டையும் ஒரே நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு தானாகத் தாவும். 2.4-இல் மோடத்துக்குச் சேனல் 1, ரவுட்டருக்கு 11. இந்த 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. பக்கத்து வீட்டுக்காரர் 3-இல் இருக்கிறார் என்று நீங்கள் 4-க்குப் போனால் இருவருக்கும் கெடுதல். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும், நெருக்கமான தெருவில் கூடாது.

அதன்பிறகும் தொங்கினால் மாடி ரவுட்டரின் 2.4 பரப்பு சக்தியை ஹை-யிலிருந்து மீடியத்துக்கு இறக்குங்கள். சிக்னல் குறைந்தால்தானே போன் வேறு இடம் தேடும்.

ரவுட்டரை வைக்கும் இடமும் பார்க்க வேண்டும். நிற்கும் ஆன்டெனாவைச் சுற்றி அலை பரவுவது உளுந்து வடை வடிவில். ஆன்டெனா அதன் ஓட்டையில் நிற்கிறது. பக்கவாட்டில் நன்றாகப் போகும், நேர் மேலும் நேர் கீழும் பலவீனம். மாடிக்கு மட்டும் வேண்டும் என்றால் எல்லா ஆன்டெனாவையும் செங்குத்தாக வையுங்கள். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி இவற்றுக்குப் பின்னால் வேண்டாம். டிவி அலமாரிக்குள் மூடி வைப்பதும் வேண்டாம், சூடும் ஏறும். மைக்ரோவேவ் ஓடும்போது 2.4 தடுமாறும், 5 தடுமாறாது.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆன்டெனா போன் என்றால் காகிதத்தில் 144, கையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. 5-இல் 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் காகிதத்தில் 867, அதே அறையில் உங்கள் 150 சுலபமாக வந்துவிடும். நடுவில் ஒரு கான்கிரீட் தளம் வந்தால் 5 சட்டென்று இறங்கும். அம்மா போனுக்கு 2.4 போதும், வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு அது தாராளம்.

---

கதவிலக்கம்:

போன் பக்கம் இன்னும் சில. இணையம் வந்தபின் ஒரு போனில் மட்டும் மறுபடி "இணையம் இல்லை" என்று வந்தால் ரவுட்டரைத் தொடும் முன் இவற்றைப் பாருங்கள். தேதியும் நேரமும் சரியா? பேட்டரி முழுதாக இறங்கிய பழைய போனில் தேதி பின்னால் போயிருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. விளம்பரம் தடுக்க யாராவது அதில் ஒரு பெயரைப் போட்டு வைத்து, அந்தச் சர்வர் நின்றுவிட்டால் வைஃபை முழுக் கோடு காட்டும், ஒன்றும் திறக்காது. ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். விபிஎன் ஆப் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இவையெல்லாம் சரி என்றால் நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி, புதிதாகச் சேருங்கள்.

வைஃபை பாஸ்வேர்டை மாற்றியபின் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும் போன்கள் எல்லாவற்றிலும் இந்த "மற" வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். விருந்தினருக்குப் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் வைஃபை விவரத்தில் பகிர் என்று தட்டினால் கியூஆர் படம் வரும், அவர்கள் கேமராவில் காட்டினால் சேர்ந்துவிடும்.

மேக் ஃபில்டர் வைத்துப் போன்களை எண்ணி உள்ளே விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. நெட்வொர்க்கை மறந்து சேர்ந்தால் அது மாறக்கூடும், அனுமதி கொடுத்த போனே வெளியே நிற்கும்.

---

மேல்மாடி:

சேனல் 36 வைத்ததும் அம்மா போனிலும் 5 தெரிகிறது. டேப்லெட் கலப்பு மோடில் சேர்ந்துவிட்டது. ஒரே பெயர் வைத்தபின் போனும் கீழே இறங்கினால் மாறுகிறது. கடைசியாக ஒன்று: கரண்ட் போனால் இரண்டு பெட்டியும் ஓட சின்ன யுபிஎஸ் போடலாமா? மோடம் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர், ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட் 0.85 ஆம்பியர் என்று இருக்கிறது.

---

கிரிம்பர்:

போடலாம், ஆனால் ஒரே யுபிஎஸ்ஸில் இரண்டையும் சேர்க்காதீர்கள். ஒன்று கீழே, ஒன்று மாடியில், தனித்தனியாகத்தான் வேண்டும். வோல்டேஜ் அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் அடாப்டரில் எழுதியதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மோடத்துக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் சின்ன யுபிஎஸ் சரி. 9 வோல்ட் ரவுட்டரை 12 வோல்ட் முனையில் செருகினால் பின் உள்ளே போகும், ரவுட்டர் போய்விடும். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் அடிக்கடி நடக்கும் தவறு இது. 9 வோல்ட் வெளியீடு உள்ள யுபிஎஸ் கேட்டு வாங்குங்கள். அடாப்டரில் நடுப்புள்ளிக்கு பிளஸ் குறி இருப்பதையும் யுபிஎஸ் முனையில் அதே குறி இருப்பதையும் ஒப்பிடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் உள்ள பிளக்கிலேயே இரண்டையும் போட்டுவிடலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் மோடம் ரீபூட் ஆகிறது என்றால் மட்டும் கூடச் சின்ன யுபிஎஸ் வேண்டும்.

கரண்ட் வந்தபின்னும் மோடத்தில் எல்ஓஎஸ் லைட் (ஃபைபர் சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாகவே இருந்தால் அது வீட்டு வேலை இல்லை. மஞ்சள் அல்லது வெள்ளை ஃபைபர் வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், 3 சென்டிமீட்டருக்குக் குறைவான வட்டத்தில் வளையக் கூடாது. பச்சை முனையைக் கழற்றி ஊதவோ விரலால் துடைக்கவோ வேண்டாம். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது, உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். மோடத்தின் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் வலு) என்று ஒரு எண் இருக்கும். அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 27-ஐ நெருங்கி நின்றால் மழை நாளில் துண்டிக்கும். புகார் கொடுக்கும்போது அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், வருகிறவர் முதலிலேயே ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைஸ் மிஷினோடு வருவார்.